குளிரறைப் பேரேட்டில் நான்கு பொய்கள்

அந்த அறிக்கைக்கு நீலநிற அட்டை. அட்டையின்மேல் பொன்னெழுத்து. திறந்தால் முதற்பக்கத்தில் எழுதியவரின் நிழற்படம்: கைகளைக் கட்டிக்கொண்டு, தொலைவில் ஒரு குற்றவாளியைக் கண்டுவிட்டவர்போல் அரைப்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு பக்கங்களில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. அந்தச் செய்திதான் அண்ணியின் வயிற்றெரிச்சலை மேலும் கிளறிவிட்டது.

இருபது ஆண்டுகளாகத் துப்பறியும் தொழிலில் இருப்பவள் அவள். துணைக்கு இருப்பவன் கணவனுடைய தம்பி. அவன் வாய் ஓயாமல் 'அண்ணி, அண்ணி' என்று அழைத்து அழைத்து, காவல் அதிகாரிகள் தொடங்கிக் கைதானவர்கள் வரைக்கும் எல்லாருக்கும் அவள் அண்ணியாகவே ஆகிவிட்டாள். நீல அறிக்கையை எழுதியவரும் அவளிடம் மூன்றாண்டுகள் தொழில் பயின்றவர்தாம். இப்போது வாரந்தோறும் தொலைக்காட்சியில் தோன்றுகிறார். பார்க்கிறவர்கள் அவருக்குப் 'புலி' என்று பட்டம் சூட்டியிருக்கிறார்கள்.

"போட்டோ நல்லா விழுந்திருக்கு, அண்ணி," என்றான் கொழுந்தன்.

"பக்கத்தைத் திருப்பு."

"இல்ல, வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு பாத்தேன்."

"ஞாயித்துக்கிழமை தவறாம அவன் நிகழ்ச்சிய உக்காந்து பாக்கறவனுக்கு வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியாதாக்கும்?"

கொழுந்தனின் பற்கள் தந்தியடித்தன. குளிரினாலா, குட்டு வெளிப்பட்டதனாலா என்று சொல்வதற்கில்லை. ஏனெனில் அவர்கள் நின்றிருந்தது ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளக் குளிரறை. இரு மருங்கும் இடுப்பளவு உயரத்தில் உறைபெட்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. ஒன்றுமட்டும் உறுமவில்லை. அதன் மூடியில் சிவப்பு நாடா ஒட்டியிருந்தது.

அந்தப் பெட்டிக்குள் சென்ற செவ்வாய்க்கிழமை காலை வரையில் ஆறாண்டு உழைப்பு இருந்தது. தீயில் வெந்தவர்களுக்குப் புதுத்தோலாக ஒட்டுவதற்கென்று, மேல்தளத்து உயிரியல் ஆய்வாளர் (நிலையத்தில் எல்லாருக்கும் அவர் டாக்டரம்மா) வளர்த்துச் சேர்த்த உயிரணுக்கள். அன்று காலை எட்டு மணிக்கும் பகல் ஒன்றுக்கும் நடுவே யாரோ பெட்டியின் விசையை அணைத்து, மூடியை ஒரு விரற்கடை திறந்து வைத்து, எச்சரிக்கை மணியையும் ஊமையாக்கிவிட்டிருந்தார்கள். அத்தனையும் பாழ்.

குளிரறையின் பொறுப்பு பதினெட்டு ஆண்டுகளாக ஒரே பெண்மணியிடம் இருந்தது. அவளை எல்லாரும் ஐஸக்கா என்றார்கள். புலியின் தீர்ப்பு எளியது: பெட்டியில் படிந்த பனியைச் சுரண்ட விசையை அணைத்த ஐஸக்கா அதை மறந்து வெளியே போனாள், ஒரு மணிக்குத் திரும்பியவள் அச்சத்தில், தான் பார்க்காத நான்கு மணிநேர அளவுகளையும் பேரேட்டில் கற்பனையாக நிரப்பினாள். இன்று மூன்று மணிக்கு மேல்தளத்தில் குழு கூடுகிறது. அந்தத் தீர்ப்பை ஏற்றால் ஐஸக்காவுக்கு வேலை போகும். 'பொய்யளவு எழுதியவள்' என்னும் பேர் ஒட்டிக்கொண்டபின் உலகத்தில் எந்த ஆய்வுக்கூடமும் அவளைப் படியேற்றாது. ஊழியர் சங்கத்தார் கடைசி நேரத்தில் அண்ணியை அழைத்திருந்தார்கள். மணி அப்போது பன்னிரண்டரை.

"நீங்க அந்த நாலு மணிநேரமும் எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

ஐஸக்கா கம்பளிச் சட்டைக்குள் கைகளைச் செருகிக்கொண்டாள். "பழைய கட்டடத்து வாசல்ல, மேடம். எட்டு மணி அளவு எழுதிட்டு நிமிர்றேன், கதவுல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. ஆபீஸ் முத்திரை போட்டு. பழைய கட்டடத்துல சாமான் பட்டியல் சரிபாக்கணும், வந்து காத்திருக்கணும்னு. போனா, பூட்டு தொங்குது. தொறக்கறவர் வருவார் வருவார்னு ஒரு மணி வரைக்கும் நின்னேன்."

"சீட்டு?"

"திரும்பி வந்து பாத்தா, நோட்டுல நான் எழுதாத நாலு அளவு, என் எழுத்து மாதிரியே. சீட்டக் காணோம்."

"சீட்டுக்கும் கால் முளைக்கிற இடம் போலிருக்கு," என்றான் கொழுந்தன். "அந்த முத்திரை யார்கிட்ட இருக்கும்?"

"ஆபீஸ் மேசை மேல கிடக்கும். யார் வேணாலும் எடுத்துக் குத்தலாம்."

அண்ணி பேரேட்டை விரித்தாள். வரிசை வரிசையாக எண்கள். "இதென்ன, நூத்தித் தொண்ணூத்தி மூணு புள்ளி ஒண்ணு அஞ்சு? பெட்டி மைனஸ் எண்பதுலதானே இருந்துச்சு?"

"பெட்டி மேல இருக்கிற பலகை செல்சியஸ்ல காட்டும், மேடம். நோட்டுல கெல்வின்லதான் எழுதணும். பலகையில பாக்கறதோட இருநூத்தி எழுபத்தி மூணு புள்ளி ஒண்ணு அஞ்சைக் கூட்டி எழுதுவேன்."

"ஏன் இப்படித் தலையச் சுத்தி மூக்கத் தொடறீங்க?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் ஒரு தடவை மைனஸ் போட மறந்துட்டார். மைனஸ் இருபதுன்னு எழுத வேண்டிய எடத்துல வெறும் இருபது. அடுத்து வந்தவர் அத நம்பிப் பெட்டிய இருபதுலயே வெச்சுட்டார். உள்ள இருந்ததெல்லாம் கூழாயிடுச்சு. அன்னைலேர்ந்து கெல்வின்தான். கெல்வின்ல மைனஸே வராது. இதுக்கு மேல குளிர முடியாதுங்கற எடம்தான் அதுல சைபர்."

"எங்க அண்ணன்கிட்ட ஒரு நோட்டு குடுத்துட்டுப் போங்க," என்றான் கொழுந்தன். "அவர் வாயத் தொறந்தாலே மைனஸ்தான்."

அண்ணி சிரிக்கவில்லை. மனித நெஞ்சத்து அழுக்காற்றை அளப்பதற்கும் அந்த அளவுகோலே தகும் என்று அவளுக்குத் தோன்றியது. சுழியத்துக்குக் கீழே இறங்க வழியில்லை. மேலே ஏறுவதற்கோ எல்லையே இல்லை. நீல அட்டை அவள் அக்குளில் கனத்தது.

"பின்னாடி இணைப்புன்னு என்னமோ வெச்சிருக்கானே, அதப் படி," என்று அதைக் கொழுந்தனிடம் நீட்டினாள்.

"இணைப்பு ஒண்ணு, கட்டட வரைபடம். இணைப்பு ரெண்டு, இன்னொரு போட்டோ." கொழுந்தன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினான். "இணைப்பு மூணு, புலிக்கு வந்த மொட்டைக் கடுதாசி. தட்டச்சு பண்ணது. 'குளிரறைப் பொறுப்பாளர் பணிநேரத்தில் வெளியே சென்றதை நான் கண்டேன். அவரது அலட்சியத்தால் பெட்டியின் வெப்பநிலை அறுபது பாகை, அதாவது முந்நூற்று முப்பத்து மூன்று கெல்வின், உயர்ந்தது. இங்ஙனம், உண்மையை விரும்பும் ஓர் ஆராய்ச்சியாளர்.' அறிக்கையில இணைப்பு மூணைப் படிக்கிற மொதல் ஆளு நாமதான் அண்ணி. ஒட்டியிருந்த பக்கத்த இப்பத்தான் நான் பிரிச்சேன்."

"எழுத்துப்பிழை இருக்கா?"

"இல்ல."

"மூடி வை," என்றாள் அண்ணி எரிச்சலோடு; மறுபடியும் பேரேட்டுக்குத் திரும்பினாள்.

செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைக் கொழுந்தன் எட்டிப் பார்த்தான். "பதினெட்டு வருஷமா ஒரே எண்ணயே மென்னுக்கிட்டிருக்கு இந்த நோட்டு. நூத்தித் தொண்ணூத்தி மூணு முப்பத்தஞ்சு, இருபத்தஞ்சு, பூஜ்யம் அஞ்சு… எதப் பாத்தாலும் அஞ்சுலதான் போய் உக்காருது. வாத்தியார் மனப்பாடம் பண்ணச் சொன்ன வாய்ப்பாடு மாதிரி."

அண்ணியின் விரல் நின்றது. பின்னோக்கிப் புரட்டினாள். ஒரு மாதம், ஓர் ஆண்டு, ஐந்தாண்டு. எந்தப் பக்கத்திலும் கடைசி இலக்கம் ஐந்து. மீண்டும் செவ்வாய்க்கிழமைக்கு வந்தாள். காலை எட்டு மணி: 193.15. ஒன்பது மணி: 193.22. பத்து: 192.87. பதினொன்று: 193.41. பன்னிரண்டு: 193.08. பகல் ஒரு மணி: 253.15.

"ஐஸக்கா, பலகை எவ்வளவு நுணுக்கமாக் காட்டும்?"

"புள்ளிக்கு அப்புறம் ஒரு எண். அவ்வளவுதான்."

"அதோட புள்ளி ஒண்ணு அஞ்சைக் கூட்டினா…"

"கடைசி எண் அஞ்சுதான் வரும். வேற எப்படி வரும்?" சூரியன் எந்தத் திசையில் உதிக்கும் என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் ஐஸக்கா அண்ணியைப் பார்த்தாள்.

"அப்ப இந்த நாலும் பலகையப் பாத்து எழுதினது இல்ல. அதத்தான் புலியும் சொல்றான்," என்றான் கொழுந்தன். "இவங்களே உக்காந்து கற்பனையா நிரப்பினாங்கன்னு."

அண்ணி ஒரு வெற்றுத்தாளை நீட்டினாள். "ஐஸக்கா, ஒரு வேலை பண்ணுங்க. அந்த மூடின பெட்டிக்குப் பொய்யா ஒரு பத்து அளவு எழுதிக் குடுங்க."

"பொய்யாவா? எனக்கு வராதே, மேடம்."

"வரவழைங்க. நல்ல பெட்டி மாதிரி தெரியணும். பாக்கறவங்க நம்பணும்."

ஐஸக்கா பேனாவை வாங்கிக்கொண்டு மேற்கூரையைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. "மைனஸ் எழுபத்தி ஒம்போது புள்ளி ஏழுன்னு வெச்சுக்குவோம்…" என்று முனகி, 193.45 என்று எழுதினாள். "அடுத்து கொஞ்சம் இறங்கட்டும், மைனஸ் எண்பது புள்ளி ரெண்டு…" 192.95. பிறகு 193.15. பிறகு 193.65. முகத்தைச் சுளித்துக்கொண்டு, பாகற்காயை மெல்லுகிறவள்போல் பத்தையும் எழுதி முடித்தாள். பத்தும் ஐந்தில் முடிந்தன.

"பொய் சொல்றதக்கூட மொதல்ல செல்சியஸ்ல சொல்லி, அப்புறம் கெல்வினுக்கு மாத்தறாங்க!" என்றான் கொழுந்தன். "அண்ணி, இவ்வளவு ஒழுங்கான பொய்ய நான் பாத்ததே இல்ல."

அண்ணியின் நெஞ்சில் தேன் சுரந்தது. புலி நான்கு எண்களும் பொய் என்று கண்டான். யாருடைய பொய் என்று காணவில்லை. பதினெட்டு ஆண்டு பழகிய கை இப்படிப் பொய் சொல்லாது. இது வேறொரு கை.

அந்நேரம் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். கையில் தட்டு, தட்டில் மூன்று கோப்பைத் தேநீர். ஐம்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை, தானே தேநீர் சுமந்து வந்ததற்காகத் தானே கூசுவதுபோல் ஒரு புன்னகை. நிலையத்தின் நிர்வாக அலுவலர் அவர். ஆனால் வாயிற்காவலர் முதல் எல்லாரும் அவரை 'டாக்டரம்மா வீட்டுக்காரர்' என்றே குறிப்பிட்டார்கள்.

"குளிர்ல நிக்கறீங்களேன்னு எடுத்துட்டு வந்தேன். டாக்டரம்மா ரொம்ப உடைஞ்சு போயிருக்காங்க." தம் மனைவியைக்கூட அவர் அப்படித்தான் சொன்னார். "சீக்கிரம் முடிச்சுட்டா நல்லது. ஏதாவது கிடைச்சுதா?"

"ஐஸக்கா எழுதலன்னு கிடைச்சுது," என்றாள் அண்ணி. "குளிரறைக்குள்ள வேற யாரெல்லாம் வரலாம்?"

அவர் சற்றுத் தயங்கினார். தேநீர்த் தட்டை மூடிய பெட்டியின்மேல் வைக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டு வேறிடத்தில் வைத்தார். "குடும்ப விஷயம். வெளிய சொல்லக் கூடாது. ஆனா நீங்க எப்படியும் தெரிஞ்சுக்குவீங்க. டாக்டரம்மாவோட தங்கச்சியும் இங்கதான், ரெண்டாவது மாடியில, இயற்பியல் பகுதி. அக்காவும் தங்கச்சியும் பேசிக்கறதே இல்ல. அடுத்த மாசம் டாக்டரம்மா இயக்குநர் ஆகப் போறாங்க இல்லையா, அதுலேர்ந்து கொழுந்தியாளுக்கு…" மீதியைத் தோள்குலுக்கலில் முடித்தார்.

மாடிப்படி ஏறுகையில் கொழுந்தன் கேட்டான்: "இவரு தேநீர் குடுத்தாரா, கோள் குடுத்தாரா?"

"ரெண்டும் சூடாத்தான் இருந்துச்சு. வா."

தங்கையின் அறையில் மனிதர்களைவிடக் குழாய்கள் மிகுதி. நடுவே எஃகுக் குடுவையொன்று வெண்புகை கக்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்துத் திரையில் எண்கள் ஒளிர்ந்தன: 77.36. கண்ணிமைத்தால் 77.41. மறுபடி 77.38.

"இது கெல்வினா?" என்றாள் அண்ணி, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"வேற என்ன?" தங்கைக்கு நாற்பது வயதுக்குள், முடியை இறுகக் கட்டி, சொற்களை அதைவிட இறுகக் கட்டி வைத்திருப்பவள். "நேரா கெல்வின்லயே காட்டும். நான் செல்சியஸ் பக்கமே போறது இல்ல."

இரண்டு தசம இடம். கடைசி இலக்கம் எதுவாகவும் வரலாம். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தின் நான்கு பொய்களும் இப்படிப்பட்ட ஒரு திரையைப் பார்த்தே பழகிய கண்ணிலிருந்து பிறந்திருக்க முடியும்.

"உங்க அக்காவோட பெட்டி போச்சே. வருத்தமா?"

"நீங்க கேக்க வந்தது வேற." தங்கை கையுறையைக் கழற்றி மேசையில் எறிந்தாள். "பொறாமையான்னு கேளுங்க. ஆமா, பொறாமைதான். அவ தொட்டதெல்லாம் துளிர்க்கும். நான் தொட்டதெல்லாம் உறையும். சின்ன வயசுல அவ போட்டுச் சிறுசான கவுன்தான் எனக்கு. இப்பவும் அவ வேண்டாம்னு விட்ட அறைதான் இது. பொறாமைக்கு என்ன தண்டனையோ அதக் குடுங்க."

"செவ்வாய்க்கிழமை காலையில எங்க இருந்தீங்க?"

"இங்கதான். தனியா. சாட்சி இந்தக் குடுவைதான். அது பேசாது."

வெளியே வந்ததும் கொழுந்தன் அண்ணியின் முகத்தை உற்றுப் பார்த்தான். "அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? இந்தப் பூரிப்பு கேஸைப் பிடிச்ச பூரிப்பா, புலி கோட்டை விட்ட பூரிப்பா?"

"வாய மூடிட்டு நட. மணி மூணாகப் போகுது."

குழு அறையில் நீள்மேசை. தலைமாட்டில் ஓய்வுபெறப் போகும் இயக்குநர். வலப்புறம் டாக்டரம்மா, அழுதழுது வீங்கிய கண்களோடு. அவருக்கு அருகில் நடவடிக்கைக் குறிப்பை எழுதும் ஏட்டோடு அவருடைய வீட்டுக்காரர். எதிரில் தங்கை. ஐஸக்காவை உட்காரச் சொல்வார் எவருமில்லை. அவள் கதவோரம் நின்றாள். அவளைப் பணிநீக்கும் ஆணை மேசைமேல் ஆயத்தமாகக் கிடந்தது. பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் டாக்டரம்மா முன்பே கையொப்பமிட்டிருந்தார். இயக்குநரின் கையொப்பம் ஒன்றே பாக்கி.

அண்ணி எழுந்து பேசினாள். ஐந்தில் முடியும் பதினெட்டு ஆண்டுகளைச் சொன்னாள். ஐந்தில் முடியாத நான்கு எண்களைச் சொன்னாள். பொய்யாக எழுதச் சொன்னபோதும் ஐந்திலேயே முடிந்த பத்து எண்களை மேசைமேல் வைத்தாள். இயக்குநர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்து, "அட!" என்றார். தொலைக்காட்சியில்லாத அறையில் கிடைத்த அந்த ஒற்றைச்சொல் கைதட்டல் அண்ணியின் தலைக்கேறியது.

"எழுதினவங்க பலகையப் பாக்கல. கெல்வின்லயே பாத்து, கெல்வின்லயே யோசிச்சுப் பழகினவங்க," என்றாள். "அப்படி ஒருத்தர்தான் இந்தக் கட்டடத்துல…"

எல்லார் கண்களும் தங்கையின்மேல் விழுந்தன. டாக்டரம்மாவின் முகம் வெளிறியது. "நீயா?" என்றார், பல மாதங்களுக்குப்பின் தங்கையிடம் அவர் பேசிய முதற்சொல்.

"உனக்கு அதானே வேணும்?" என்றாள் தங்கை.

இயக்குநர் கையுயர்த்தினார். "ஒவ்வொண்ணா வருவோம். குறிப்புல மொதல்ல சேதத்த எழுதணும். பெட்டி எவ்வளவு ஏறிச்சு? துறைக்காரங்க நீங்களே சொல்லுங்கம்மா," என்று தங்கையைப் பார்த்தார்.

"எட்டு மணிக்கு மைனஸ் எண்பது. ஒரு மணிக்கு மைனஸ் இருபது." தங்கை பல்லிடுக்கால் சொன்னாள். "அறுபது கெல்வின்."

வீட்டுக்காரர் எழுதிக்கொண்டே, பணிவோடு தலைநிமிர்ந்தார். "அது செல்சியஸ்ல அறுபது. கெல்வின்னா இருநூத்தி எழுபத்தி மூணு கூட்டணும் இல்லையா? முந்நூத்தி முப்பத்தி மூணு. குறிப்புல நான் சரியாப் போட்டுடறேன்."

இயக்குநரின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்குத் தானே வழுக்கி இறங்கிற்று.

"அத்தான்," என்றாள் தங்கை மெதுவாக, "என்ன சொல்றீங்க? இருக்கிற எடத்தச் சொல்லத்தான் அதக் கூட்டணும். ஏறின தூரத்துக்குக் கூட்டக் கூடாது. மாடிப்படியில மூணு படி ஏறினா, தெருவுலேர்ந்து எண்ணினாலும் கீழ்த்தளத்துலேர்ந்து எண்ணினாலும் மூணு படிதானே? ரெண்டு அளவுலயும் அறுபது அறுபதுதான். முந்நூத்தி முப்பத்தி மூணு ஏறியிருந்தா அந்தப் பெட்டி அடுப்பால்ல ஆகியிருக்கும்!"

அண்ணி சட்டென்று நீல அட்டையின் பக்கம் திரும்பினாள். அந்த எண்ணை இன்று ஏற்கெனவே காதால் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, 'எழுத்துப்பிழை இருக்கா?' என்று வினவியிருக்கிறாள். எழுபத்திரண்டு பக்கங்களிலும் எதிரியின் பிழையைத் தேடியவள் கண்ணுக்கு, குற்றவாளியின் பிழை படாமல் போயிருக்கிறது. பொறாமை அவளை இவ்வளவு தூரம் கைப்பிடித்து அழைத்துவந்து, குற்றமற்ற ஒருத்தியின் முன்னே நிறுத்தியிருந்தது.

"தம்பி, இணைப்பு மூணு," என்றாள்.

கொழுந்தன் இம்முறை கேலி எதுவும் சேர்க்காமல் படித்தான். "'…வெப்பநிலை அறுபது பாகை, அதாவது முந்நூற்று முப்பத்து மூன்று கெல்வின், உயர்ந்தது. இங்ஙனம், உண்மையை விரும்பும் ஓர் ஆராய்ச்சியாளர்.'"

"ஆராய்ச்சியாளர் யாரும் இப்படிக் கூட்டமாட்டாங்க," என்றாள் அண்ணி. "பதினெட்டு வருஷமா இதே கூட்டலப் போட்ட ஐஸக்காவும் கூட்டமாட்டாங்க. இந்தக் கூட்டல பாதி மட்டும் கத்துக்கிட்ட ஒருத்தர் இருக்கார். கெல்வின்ல நாலு எண் எழுதத் தெரியும். கடைசியில ஏன் அஞ்சு வரும்னு தெரியாது. ஆபீஸ் முத்திரை கிடக்கிற மேசை யாரோடது, சார்? புலியக் கூப்பிட்டது யாரு?"

வீட்டுக்காரர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். "யார் வேணாலும் தப்பாக் கூட்டலாம்," என்றார்.

"கூட்டலாம். ஒரே தப்ப ரெண்டு தடவை, ஒரே எண்ணா, ஒரே கேஸ்ல?"

டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பிக் கணவரை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வை கேள்வியாகக்கூட இல்லை. ஓர் ஆய்வுக்குழாயின் அடியில் என்ன படிந்திருக்கிறதென்று பார்க்கும் பார்வை. அதைத்தான் கணவரால் தாங்க முடியவில்லை போலும்.

"இப்படித்தான் பாப்பே," என்றார் மனைவியிடம். பணிவும் புன்னகையும் எங்கோ ஒழிந்துபோயிருந்தன. "சாப்பாட்டு மேசையில போன்ல பேசுவே. இருநூத்தி எழுபத்தி மூணு கூட்டு, இருநூத்தி எழுபத்தி மூணு கூட்டுன்னு பசங்களுக்குச் சொல்லுவே. அத எத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கேன். நான் ஏதாவது கேட்டா கைய ஆட்டுவே. அந்தப் பெட்டிக்கு அரை டிகிரி ஏறிச்சுன்னு போன் வந்தா, தலைய வாரக்கூட நிக்காம ஓடுவே. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப எத்தனை டிகிரின்னு கேட்ட. சொன்னேன். அது ஒண்ணும் ஆபத்து இல்லன்னுட்டுப் பெட்டியப் பாக்கப் போயிட்ட." குரல் இறங்கிற்று. "ஆறு வருஷம். ஒரு மனுஷன்மேல பொறாமப்பட்டாக்கூட வெளிய சொல்லிக்கலாம். ஒரு பெட்டிமேல பட்டா யார்கிட்ட சொல்றது?"

அண்ணி தலைகுனிந்தாள். அவளுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கொழுந்தனாவது இருந்தான்.

"ஐஸக்காவ ஏன் இழுத்தே?" என்றார் டாக்டரம்மா.

"யாராவது ஒருத்தர் வேணுமே."

அந்த ஒரு விடையில்தான் டாக்டரம்மாவின் முகம் மாறிற்று. இயக்குநர் எழுந்து வீட்டுக்காரரைத் தம் அறைக்கு வருமாறு கைகாட்டினார். இருவரும் வெளியேறும்போது ஐஸக்கா ஒதுங்கி வழிவிட்டாள். அண்ணி தங்கையின் எதிரே சென்று நின்றாள். "உங்களைச் சொன்னது என் தப்பு. என் கண்ணு வேற எடத்துல இருந்துச்சு."

"பொறாமை இருக்குன்னு நானேதானே சொன்னேன்," என்றாள் தங்கை. அவள் அண்ணியைப் பார்க்கவில்லை; அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா மேசையைச் சுற்றிக்கொண்டு கதவருகே போனார். ஐஸக்காவின் கைகளைப் பற்றினார். "பதினெட்டு வருஷம் பாத்தும் நான் அந்த நீலப் புஸ்தகத்த நம்பினேன், உங்கள நம்பல. என்ன மன்னிச்சுடுங்க."

ஐஸக்கா கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம், டாக்டரம்மா. மேசையில இருக்கிற ஆர்டர்ல 'பொய்யளவு எழுதினாள்'னு இருக்கு. அதுக்குக் கீழ உங்க கையெழுத்து இருக்கு."

"கிழிச்சுப் போட்டுடறேன்." டாக்டரம்மா விரைந்து தாளை எடுத்தார்.

"கிழிக்கக் கூடாது." கதவோரத்திலிருந்து ஐஸக்கா முதன்முறையாக அறைக்குள் நடந்து வந்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "பதிவுல தப்பு வந்தா நாங்க கிழிக்கமாட்டோம். மையால மொழுகவும் மாட்டோம். நடுவுல ஒரே ஒரு கோடு. அடியில இருக்கிற எழுத்து தெரியணும். என்ன தப்பு நடந்துச்சுன்னு நாளைக்கு வர்றவங்களுக்குப் படிக்கத் தெரியணும்."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். அந்த வரியின் நடுவே ஒரு கோடு, தம் கையொப்பத்தின் குறுக்கே இன்னொன்று இழுத்தார். இரண்டாவது கோடு சற்றே மேலேறி முடிந்தது.

"பக்கத்துல தேதி," என்றாள் ஐஸக்கா.

எழுதினார்.

"யாரு திருத்தினதுன்னு."

எழுதினார்.

ஐஸக்கா தாளைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். கோட்டுக்கு அடியில் தன்னைப் பொய்யளவு எழுதியவள் என்ற வரியையும் ஒரு சொல் விடாமல் படித்தாள். பிறகு தாளை மறுபடி டாக்டரம்மாவின் முன் நகர்த்தினாள்.

"நேரம் போடல," என்றாள்.